சொன்ன வார்த்தையைத் திரும்பிப் பார்ப்பது: ஆட்களை வைத்து வேலை வாங்குபவர்களுக்கான சுயபரிசோதனை வழிகாட்டி

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் லைன் சூப்பர்வைசராக இருந்தபோது, ஒரு வியாழக்கிழமை மதியம் செக்கிங் டேபிளில் இருந்து கூப்பிட்டார்கள். கழுத்து ரிப்பும் (கழுத்தில் வைத்துத் தைக்கும் பட்டைத் துணி) பாடித் துணியும் ஷேடு சேரவில்லை. ட்யூப் லைட் வெளிச்சத்தில் தெரியாது. ஜன்னல் ஓரம் கொண்டுபோய் விரித்துப் பார்த்தால் ரிப் கொஞ்சம் மங்கலாக இருக்கிறது. அதற்குள் 640 பீஸ் தைத்து முடித்திருந்தார்கள். ரிப் வைத்த ஓவர்லாக் டெய்லர் அக்காவிடம் போய், ‘இதை ஏன்க்கா முன்னாடியே சொல்லல?’ என்றேன். அவர் மெஷினில் இருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: ‘போன வாரம் ஒண்ணு கேட்டதுக்கு, தைக்கிற வேலைய மட்டும் பாருங்க, மத்தத நான் பாத்துக்கறேன்னு நீங்கதானுங்க சார் சொன்னீங்க.’

எனக்கு அப்படிச் சொன்ன ஞாபகமே இல்லை. ஆனால் பக்கத்து மெஷின்காரருக்கு இருந்தது. கைமடிக்கும் பெண்ணுக்கும் இருந்தது. நான் சொன்ன அன்று என்ன கிழமை என்பதுவரை அவர்கள் சொன்னார்கள். என் வாயில் இருந்து வந்த ஒரு வாக்கியம் என்னைத் தவிர எல்லாருக்கும் மனப்பாடமாக இருந்தது.

ரிப்பைப் பிரித்து மாற்ற இரண்டு நாள் ஆனது. அந்த இரண்டு நாளில்தான், ஆட்களை நடத்தும் விதத்தைத் திருத்திக்கொள்ள எனக்கு ஒரு முறை வேண்டும் என்று உறுதியாகத் தோன்றியது. ‘இனிமேல் பொறுமையாக இருப்பேன்’ என்று அதற்கு முன்பும் பலமுறை முடிவு எடுத்திருக்கிறேன். சனிக்கிழமை சம்பளம் போட்டு, ஞாயிறு தூங்கி எழுந்து, திங்கட்கிழமை ஷிப்மெண்ட் தேதி கண்ணில் பட்டதும் அந்த முடிவு போய்விடும். இப்போது பல வருடமாக ஒரு நோட்டு வைத்துச் செய்துவருகிறேன். அந்த முறையை இங்கே படிப்படியாக எழுதுகிறேன். நீங்கள் ஐடி கம்பெனியில் டீம் லீடாக இருக்கலாம், ஆஸ்பத்திரியில் வார்டு பொறுப்பில் இருக்கலாம், பள்ளியில் தலைமையாசிரியராக இருக்கலாம். காட்சிகள் மாறும், செய்யவேண்டியது மாறாது.

முதலில் புரிந்துகொள்ள வேண்டியது: பார்க்க வேண்டியது குணத்தை அல்ல, பீஸை

சுயபரிசோதனை என்றதும் பெரும்பாலானவர்கள் ‘நான் நல்ல தலைவனா? கோபக்காரனா? எல்லாரையும் சமமாக நடத்துகிறேனா?’ என்று யோசிக்கத் தொடங்குவார்கள். இந்தக் கேள்விகளுக்குப் பதில் கிடைக்காது. கிடைத்தாலும் அன்றைய மனநிலையைப் பொறுத்து ஆம், இல்லை என்று மாறிக்கொண்டே இருக்கும். டாஷா யூரிக் என்ற அமைப்பு உளவியலாளர் தன்னறிவு பற்றிச் செய்த ஆய்வுகளில், சுமார் 95 சதவீதம் பேர் தங்களைத் தாங்களே நன்றாக அறிந்திருப்பதாக நினைத்தார்கள். உண்மையில் அப்படி இருந்தவர்கள் 10 முதல் 15 சதவீதம்தான். ஆகவே உள்ளுக்குள் பார்த்து நாமே தீர்ப்புச் சொல்வதை நம்பமுடியாது.

எங்கள் தொழிலில் இதற்கு நல்ல வழி ஒன்று இருக்கிறது. பையர் தரப்பு இன்ஸ்பெக்டர் வந்தால், டெய்லர் நல்லவரா என்று கேட்கமாட்டார். 2,400 பீஸ் லாட் என்றால், ஏக்யூஎல் (எத்தனை குறை வரை ஏற்கலாம் என்று சொல்லும் தர அளவு) 2.5இல், வழக்கமான பரிசோதனை நிலையில் 125 பீஸ் எடுத்து மேசையில் விரிப்பார். 7 குறை வரை பாஸ், 8 வந்தால் ஃபெயில். முழு லாட்டையும் அவர் பார்ப்பதில்லை. ஆனால் எடுத்த பீஸைத் தையல் தையலாகப் பார்ப்பார்.

நம் பேச்சையும் அப்படித்தான் பார்க்கவேண்டும். ஒரு நாளில் நாம் பேசும் அத்தனையையும் பார்க்கமுடியாது, பார்க்கவும் தேவையில்லை. ஒன்றிரண்டு காட்சியை எடுத்து, அதில் நம் வாயில் வந்த வார்த்தையை அப்படியே மேசைமேல் விரித்துப் பார்த்தால் போதும்.

படி 1: ஒரே ஒரு காட்சியைத் தேர்ந்தெடுங்கள்

தலைமைப் பண்பு என்று பொதுவாக எடுத்தால் கைக்குச் சிக்காது. திரும்பத் திரும்ப நடக்கும் ஒரு காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். யாராவது கெட்ட செய்தியோடு வரும்போது, லீவு கேட்கும்போது, தவறைச் சுட்டிக்காட்டும்போது, புது வேலையை ஒப்படைக்கும்போது, காலை மீட்டிங்கில் ஒருவர் மாற்றுக்கருத்து சொல்லும்போது: இப்படி ஏதாவது ஒன்று.

எதை எடுப்பது என்று தெரியவில்லையா? கெட்ட செய்தி வரும் காட்சியில் தொடங்குங்கள். மற்ற எல்லாவற்றையும்விட இதற்குத்தான் விளைவு அதிகம். 1990களில் ஏமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர், மருத்துவமனைகளில் மருந்து கொடுப்பதில் நடக்கும் தவறுகளைக் கணக்கெடுத்தார். நல்ல குழுக்களில் தவறு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தால், கணக்கில் அதிகமாக இருந்தது. காரணம், அந்தக் குழுக்களில் இருந்தவர்கள் நடந்ததை மறைக்காமல் பேசினார்கள். மற்ற இடங்களில் தவறு நடந்தாலும் வெளியே வரவில்லை. என் லைனிலும் அந்த 640 பீஸுக்கு முன்பு சில வாரம் ஒரு புகாரும் வரவில்லை. லைன் நன்றாக ஓடுகிறது என்று நான் சந்தோஷமாக இருந்தேன்.

படி 2: அன்றே, பேச்சுமொழியிலேயே எழுதுங்கள்

மொத்த முறைக்கும் இதுதான் உயிர். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஒரு சாதாரண 80 பக்க நோட்டு போதும். போனில் எழுதவேண்டாம் என்பது என் கருத்து. எழுதிக்கொண்டிருக்கும்போதே மெர்ச்சண்டைசர் மெசேஜ் வந்து நிற்கும். வேலை முடிந்து கிளம்புவதற்கு முன்பு 15 நிமிடம் ஒதுக்குங்கள். வீட்டுக்குப் போய் எழுதலாம் என்று நினைத்தால் நடக்காது. போகும் வழியிலேயே மனசு நமக்குச் சாதகமாகக் கதையைத் திருத்தி எழுதிவிடும்.

எழுதும்போது ஐந்து விஷயம் போதும். வந்தவர் யார், என்ன சொன்னார், நான் சொன்ன வார்த்தை, அப்போது என் கையும் கண்ணும் என்ன செய்தன, அதற்குப் பிறகு அவர் என்ன செய்தார். பெயரை முழுதாக எழுதாதீர்கள், ஓர் எழுத்து போதும். நோட்டு யார் கையிலாவது கிடைத்தால் அவர்களுக்குச் சங்கடம் வரக்கூடாது.

என் நோட்டில் இருந்து ஒரு பக்கம் (பேட்லாக் என்பது ஒரு வகைத் தையல் மெஷின், லூப்பர் அதில் நூலைக் கோர்க்கும் பாகம்):

‘செவ்வாய், சாயங்காலம் 5 மணி இருக்கும். ச. வந்தாங்க. பேட்லாக்ல நூல் அந்துட்டே இருக்குன்னாங்க. நான்: “காலைலருந்து ஓடுச்சுல்ல, இப்ப மட்டும் என்ன?” புரொடக்சன் ரிப்போர்ட் எழுதிட்டு இருந்தேன், நிமிரல. அவங்க ஒண்ணும் சொல்லாம போய்ட்டாங்க. ஆறு மணிக்கு மெக்கானிக் வந்து பாத்தாரு. லூப்பர் தேய்ஞ்சிருக்கு.’

இதில் ‘கொஞ்சம் கடுமையாகப் பேசிவிட்டேன்’ என்ற வரி இல்லை, கவனித்தீர்களா? முதல் இரண்டு வாரம் நான் அப்படித்தான் எழுதினேன். ‘கடுமை’, ‘எரிச்சல்’, ‘அவசரம்’ என்றெல்லாம் எழுதினால் பின்னால் படிக்கும்போது ஒன்றும் புரியாது. ‘இப்ப மட்டும் என்ன?’ என்ற மூன்று சொல்லை எழுதி வைத்தால், அது எதிரில் நிற்பவர் காதில் எப்படி விழுந்திருக்கும் என்பது ஆறு மாதம் கழித்துப் படித்தாலும் உறைக்கும். அவர் பொய் சொல்கிறார் என்றுதான் அதற்கு அர்த்தம். நான் அதை நினைத்துச் சொல்லவில்லை. ஆனால் அவருக்குக் கேட்டது அதுதான்.

நல்லபடியாக நடந்ததையும் எழுதுங்கள். டொயோட்டாவில் ‘ஹன்சே’ என்று ஒரு வழக்கம் உண்டு. ஜப்பானிய மொழியில் தன்னைத் திரும்பிப் பார்ப்பது என்று அர்த்தம். வேலை வெற்றியாக முடிந்தாலும் உட்கார்ந்து, எது குறைந்தது, எப்படி இன்னும் நன்றாகச் செய்திருக்கலாம் என்று பார்ப்பார்கள். தோற்ற அன்று மட்டும் திறக்கும் நோட்டு சீக்கிரமே பாவக்கணக்காகிவிடும், அப்புறம் அதைத் திறக்கவே கை வராது.

படி 3: ‘ஏன்’ என்று கேட்காதீர்கள், ‘என்ன’ என்று கேளுங்கள்

அதே டொயோட்டாவில் இருந்து வந்ததுதான், பழுதுக்கு ஐந்து முறை ‘ஏன்’ கேட்கும் முறை. நூல் ஏன் அறுந்தது, லூப்பர் ஏன் தேய்ந்தது என்று கேட்டுக்கொண்டே போனால் மூலகாரணம் வரும். மெஷினுக்கு அது அருமையான முறை.

அதையே நம்மைப் பார்த்துக் கேட்டால் வேறு மாதிரி ஆகிவிடுகிறது. ‘நான் ஏன் இப்படிக் கத்துகிறேன்?’ என்று கேட்டால் மனசு உடனே ஒரு கதை கொடுக்கும். ஷிப்மெண்ட் நெருக்கடி, ஓனர் பேசியது, அப்பா வளர்த்த விதம். இல்லையென்றால் ‘நான் இதற்கு லாயக்கில்லை’ என்ற பக்கம் இழுத்துக்கொண்டு போகும். முதலாவது சாக்கு, இரண்டாவது தன்னையே கடித்துக்கொள்வது. இரண்டிலும் நாளைக்குச் செய்ய ஒன்றும் கிடைக்காது. யூரிக்கும் இதையே சொல்கிறார்: தன்னைப் பற்றி யோசிக்கும்போது ‘ஏன்’ என்பதைவிட ‘என்ன’ என்ற கேள்விதான் முன்னால் நகர்த்துகிறது.

எழுதிய பக்கத்துக்குக் கீழே இந்த மூன்றை மட்டும் கேளுங்கள். அதற்குச் சற்று முன்பு என்ன நடந்துகொண்டிருந்தது? என் வாக்கியத்தில் அவருக்கு என்ன கேட்டிருக்கும்? அதே இடத்தில் வேறு என்ன சொல்லியிருக்கலாம்? மூன்றாவது கேள்விக்குப் பதிலையும் வாயால் சொல்லக்கூடிய வாக்கியமாகவே எழுதுங்கள். ‘பரிவோடு நடந்திருக்கலாம்’ என்று எழுதினால் உதவாது. ‘எத்தனை நேரமா அறுதுங்க்கா? இருங்க, வந்து பாக்கறேன்’ என்று எழுதினால் உதவும்.

15 நிமிடம் முடிந்தால் நோட்டை மூடிவிடுங்கள். இரவெல்லாம் அதையே நினைத்துப் புரள்வது சுயபரிசோதனை ஆகாது.

படி 4: மற்றவர்களிடம் கேளுங்கள், ஆனால் கேட்கும் விதத்தில் கேளுங்கள்

ஜோசப் லுஃப்ட், ஹாரிங்டன் இங்கம் என்ற இருவர் 1955இல் ஒரு சதுரத்தை வரைந்து நான்காகப் பிரித்துக் காட்டினார்கள். இருவர் பெயரின் முன்பாதியையும் சேர்த்து அதற்கு ‘ஜோஹாரி ஜன்னல்’ என்று பெயர் வந்தது. அதில் ஒரு கட்டம், நமக்குத் தெரியாமல் மற்றவர்களுக்கு மட்டும் தெரிந்த நம் பகுதி. ‘தைக்கிற வேலைய மட்டும் பாருங்க’ என்ற என் வாக்கியம் அந்தக் கட்டத்தில்தான் இருந்தது. எத்தனை நோட்டு எழுதினாலும் அது எனக்குக் கிடைத்திருக்காது.

சிக்கல் என்னவென்றால், நம் ஊரில் மேலே இருப்பவரிடம் யாரும் அப்படியெல்லாம் சொல்லிவிடமாட்டார்கள். ‘நான் எப்படி நடந்துக்கறேன்?’ என்று கேட்டால் ‘ஒண்ணும் குறையில்லீங்க சார், நல்லாத்தான் போகுது’ என்பார்கள். சம்பளம், ஓவர்டைம், லீவு எல்லாம் நம் கையில் இருக்கும்போது வேறு என்ன சொல்வார்கள்?

ஆகவே குணத்தைப் பற்றிக் கேட்காமல் சம்பவத்தைப் பற்றிக் கேளுங்கள். ‘நேத்து அந்த ரீ-ஒர்க் விஷயத்த நான் எல்லார் முன்னாடியும் சொன்னேனே, தனியா கூப்பிட்டுச் சொல்லியிருந்தா நல்லா இருந்திருக்குமாக்கா?’ இதற்குப் பதில் சொல்வது எளிது. ‘ஆமாங்க’ என்ற ஒரு சொல்லே போதும். யாரிடம் கேட்பது என்பதும் முக்கியம். உங்களுக்கு வேண்டியவர்களிடம் மட்டும் கேட்காதீர்கள். எங்கள் ஃப்ளோரில் ஃபினிஷிங்கில் ஓர் அக்கா இருந்தார். யாரையும் புகழவும் மாட்டார், யாரைப் பற்றியும் புறம் பேசவும் மாட்டார். அவரிடம் மாதம் ஒருமுறை கேட்பேன்.

பதில் வந்ததும் விளக்கம் சொல்லாதீர்கள். ‘அது வந்து அன்னைக்கு என்னாச்சுன்னா’ என்று தொடங்கினால் அடுத்தமுறை அவர் வாயைத் திறக்கமாட்டார். ‘சொன்னதுக்கு நன்றிங்க்கா’ என்று நிறுத்திவிட்டு, போய் எழுதுங்கள்.

படி 5: பழைய வாக்கியத்தின் இடத்தில் புது வாக்கியத்தை வையுங்கள்

ஒரு பழக்கத்தை வெறுமனே நிறுத்த முயன்றால் அந்த இடம் காலியாக இருக்கும். நெருக்கடி வந்ததும் பழையதே வந்து உட்காரும். ‘இது நடந்தால், நான் இதைச் செய்வேன்’ என்ற வடிவத்தில் முன்கூட்டியே முடிவு செய்து வைப்பதன் பலனை பீட்டர் கால்விட்சர் என்ற ஜெர்மன் உளவியலாளர் பல வருடம் ஆராய்ந்தார். 2006இல் அவரும் பாஸ்கல் ஷீரனும் 94 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தபோது, வெறும் உறுதிமொழியைவிட இப்படித் திட்டமிட்டவர்கள் தெளிவாகவே அதிகம் சாதித்திருந்தார்கள்.

நான் எழுதி வைத்தது இது: ‘யாராவது கையில் பீஸோடு என் டேபிளுக்கு வந்தால், பேனாவைக் கீழே வைத்துவிட்டு, “என்ன பாத்தீங்க, சொல்லுங்க” என்பேன்.’ பேனாவைக் கீழே வைப்பதுதான் இதில் பெரிய விஷயம். கை காலியானால் தலை தானாக நிமிர்கிறது. கோபத்தை அடக்கு என்றால் எப்படி அடக்குவது என்று தெரியாது. பேனாவை வை என்றால் வைத்துவிடலாம்.

ஒரு நேரத்தில் ஒரு பழக்கம்தான். எத்தனை நாள் ஆகும்? 21 நாள் என்று எங்கு பார்த்தாலும் சொல்கிறார்கள். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் ஃபிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை வைத்துப் பார்த்தபோது, ஒரு பழக்கம் தானாக வர சராசரியாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் 18 நாளில் இருந்து 254 நாள் வரை வேறுபட்டது. இடையில் ஒரு நாள் விட்டுப்போனதால் பெரிய பாதிப்பு இல்லை என்பதும் அதில் தெரிந்தது. ஆகவே ஒருநாள் கத்திவிட்டால் எல்லாம் போச்சு என்று விட்டுவிடாதீர்கள். அதையும் எழுதுங்கள்.

படி 6: சனிக்கிழமை வாசிப்பு

வாரம் ஒருமுறை, எங்களுக்குச் சம்பளம் முடிந்த சனிக்கிழமை மாலை, அந்த வாரப் பக்கங்களைச் சேர்த்துப் படியுங்கள். தனித்தனியாகப் பார்க்கும்போது தெரியாதது அப்போது தெரியும்.

என் நோட்டில் முதலில் கண்ணில் பட்டது நேரம். மோசமான பக்கங்கள் பெரும்பாலும் சாயங்காலம் 4 மணிக்கும் 6 மணிக்கும் நடுவில் இருந்தன. அந்த நேரத்தில்தான் ஆபீஸில் இருந்து அன்றைய புரொடக்சன் கேட்டு போன் வரும். அங்கே வாங்கியதை நான் லைனில் இறக்கிக்கொண்டிருந்தேன். தீர்வு சாதாரணமானது. போன் பேசி முடித்ததும் நேராக லைனுக்குப் போகாமல், கீழே போய் டீ குடித்துவிட்டு வருவேன். பத்து நிமிடம்.

இரண்டாவது இன்னும் சங்கடமானது. நோட்டில் சிலருடைய எழுத்து வரவே இல்லை. வடமாநிலத்தில் இருந்து வந்த நாலு பையன்கள் என் லைனில் இருந்தார்கள். இரண்டு மாத நோட்டில் அவர்களோடு பேசியதாக ஒரு பக்கம்கூட இல்லை. எனக்கு ஹிந்தி வராது, அவர்களுக்குத் தமிழ் அரைகுறை, அதனால் வேலையைக் கையால் காட்டிவிட்டு நகர்ந்துவிடுவேன். நல்லது கெட்டது எதுவும் அவர்களிடம் நான் கேட்டதில்லை. எழுதாமல் விட்டவர்களின் பட்டியலை மாதம் ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.

படி 7: குழுவோடு சேர்ந்து பார்ப்பது

மூன்று நான்கு மாதம் தனியாகச் செய்த பிறகு இதைக் குழுவுக்குக் கொண்டுபோகலாம். அமெரிக்க ராணுவம் 1970களில் தன் பயிற்சிகளுக்காக ஒரு முறையை உருவாக்கியது. பயிற்சி முடிந்ததும் எல்லாரும் உட்கார்ந்து, என்ன நடந்திருக்கவேண்டும், என்ன நடந்தது, ஏன் வித்தியாசம், அடுத்தமுறை எதைத் தொடர்வது எதை மாற்றுவது என்று பேசுவார்கள். பதவி வித்தியாசம் பார்க்காமல் பேசவேண்டும் என்பது அதன் விதி. ஓர் ஆர்டர் முடிந்ததும் 20 நிமிடம் இதைச் செய்யலாம். முதலில் உங்கள் தவறைச் சொல்லித் தொடங்குங்கள். ‘ரிப் லாட் வந்தப்ப ஷேடு பாக்காம நான்தான் லைனுக்கு இறக்கினேன்’ என்று ஆரம்பித்தால், மற்றவர்கள் பேசுவார்கள்.

குறையைச் சொல்லும்போது வேலையைப் பற்றி மட்டும் சொல்லுங்கள். அவ்ரஹாம் க்ளூகரும் ஏஞ்சலோ டெனிஸியும் 1996இல் பின்னூட்டம் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட இடங்களில் பின்னூட்டம் வேலையை மேலும் கெடுத்திருந்தது. கவனம் வேலையை விட்டு ஆளின் மேல் திரும்பும்போது பலன் குறைகிறது என்பது அவர்கள் கண்டது. ‘இந்தத் தோள் தையல் வெளிய போயிருக்கு’ என்பது வேறு, ‘உங்களுக்குக் கவனமே இல்லை’ என்பது வேறு.

நோட்டில் எழுதக்கூடாதவை

எல்லாவற்றையும் தன் மேல் போட்டுக்கொள்வதும் தவறு. 30 பேர் செய்யவேண்டிய வேலையை 22 பேரை வைத்துச் செய்யச் சொன்னால், அங்கே பிரச்சினை உங்கள் பேச்சில் இல்லை. அதை மேலே எழுதிக் கொடுங்கள். அதேபோல் சம்பளப் பிடித்தம், பாலியல் தொந்தரவு மாதிரி விஷயம் உங்கள் காதுக்கு வந்தால், அது உங்கள் சுயபரிசோதனைக்கான பொருள் அல்ல. பாலியல் தொந்தரவுப் புகார்களுக்காக, 10 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடங்களில் உள்ளகப் புகார் குழு இருக்கவேண்டும் என்று 2013ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. தொந்தரவுக்கு ஆளானவர் அங்கே புகார் கொடுக்கத் துணையாக நில்லுங்கள்.

மன்னிப்பு கேட்கவேண்டிய பக்கம் வந்தால் நோட்டோடு விடாதீர்கள். எல்லார் முன்னாலும் சொன்னதற்கு எல்லார் முன்னாலும்தான் கேட்கவேண்டும். நான் அந்த ஓவர்லாக் அக்காவிடம், லைனில், மெஷின் ஓடும்போதே போய், ‘அன்னைக்கு நான் அப்படிச் சொன்னது தப்புக்கா. நீங்க பாத்ததச் சொல்லுங்க, நான் கேக்கறேன்’ என்றேன். அவர் தலையை மட்டும் ஆட்டினார். அடுத்த புகாரோடு அவர் என் டேபிளுக்கு வர ஐந்து வாரம் ஆனது. ஊசி ஓட்டை விழுவதாகச் சொல்லி ஒரே ஒரு பீஸைக் கொண்டுவந்தார். பேனாவைக் கீழே வைத்தேன்.

இப்போது என் நோட்டில் ஓடிக்கொண்டிருப்பது லீவு கேட்கும் காட்சி. ‘எத்தனை நாள்?’ என்பதற்கு முன்னால் ‘ஊர்ல எல்லாரும் நல்லா இருக்காங்களா?’ என்று கேட்கவேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறேன். இன்றோடு 41 நாள். நேற்றுகூட ‘எத்தனை நாள்?’ என்பதுதான் முதலில் வந்தது.